வெள்ளையனின் மூலை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் வளரும் முயல் வெள்ளையன், 5 மாதம் ஆனதிலிருந்து தன் கழிவுத் தட்டை விட்டு, அம்மாவின் சாய்வு நாற்காலிக்குப் பின்னாலேயே சிறுநீர் கழித்துவந்தான். அதட்டிப் பயனில்லை, பருவமடையும் முயல் தன் எல்லையைக் குறிப்பது இயல்பு. எனவே தட்டையே அந்த மூலைக்கு மாற்றி, அவன் நனைத்த தாளொன்றை அதிலிட்டு, ஓரத்தில் உலர்புல்லைக் குவித்தேன், ஏனெனில் புல்லை மென்றபடியே கழிப்பது முயல்களின் வழக்கம். பிளாஸ்டிக் பாயில் வெண்மையாகக் காய்ந்திருந்த அவன் சிறுநீரின் சுண்ணாம்புக் கறை, நீர் கலந்த வினிகரில்தான் கரைந்தது. இப்படி எல்லை குறிப்பது குறைய, அடுத்த மாதம் அவனுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். உங்கள் முயல் முக்கிமுக்கிச் சொட்டுச் சொட்டாகக் கழித்தால், அதைப் பழக்கக் கோளாறு என்று எண்ணாமல், தயவுசெய்து உடனே விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள்.