காரைக்குடி வெயிலில் எங்கள் மின்சார ரேஸ் கார்: பேட்டரிப் பெட்டி தயார்

எங்கள் கல்லூரி அணியின் ஃபார்முலா வகை மின்சாரக் காருக்கு இந்த வாரம் உயிர் வந்துவிட்டது. பேட்டரிப் பெட்டியின் நான்கு பகுதிகளையும் தொடராக இணைத்ததும் மீட்டர் 470 வோல்ட்டைக் காட்டியது. பட்டறையில் இருந்த யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நாங்கள் இறங்கப்போகும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் கார் போட்டியின் விதிகள் 600 வோல்ட் வரை அனுமதிக்கின்றன. ஆனால் ஒரு பகுதிக்குள் 120 வோல்ட்டையும் 6 மெகாஜூல் ஆற்றலையும் தாண்டக் கூடாது. லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 28 செல்களைத் தொடராக வைத்தால் 117.6, இன்னும் ஒன்றைச் சேர்த்தால் வரம்பு மீறிவிடும். அதனால் 28 அடுக்குகள், அடுக்குக்குப் பக்க இணைப்பில் மூன்று செல்கள் என்று முடிவு செய்தோம். நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து 336 செல்கள். ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் அளந்து, தரம் பிரித்து, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்த ஜூனியர் தம்பி, தங்கைகளின் பொறுமைக்குத்தான் இந்த வாரப் பாராட்டு முழுவதும்.

எங்கள் உண்மையான எதிராளி வெப்பம். எந்தச் செல்லும் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கண்காணிப்புச் சுற்று காரையே நிறுத்திவிடும். கத்திரி வெயிலில் இங்கே காற்றே 40 டிகிரியைத் தொடுகிறது. மீதம் இருப்பது 20 டிகிரிதான். ஃபார்முலா பாரத் போட்டி நடப்பது ஜனவரியில், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில். அங்கே அப்போது இதமாக இருக்குமே, இந்த வெயிலில் ஏன் வாட்டி எடுக்கிறீர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். இந்த வெயிலைத் தாங்கிய பேட்டரி எந்த ஊரிலும் தாங்கும் என்பதே என் பதில். 22 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்தில்தான் அதிக மதிப்பெண் இருக்கிறது; வெப்பத்தால் பாதியில் நின்றால் அத்தனையும் போய்விடும்.

செல்களின் மைனஸ் முனைக்குப் பக்கத்தில் வெப்ப உணரிகளை ஒட்டி, மின்சுமை கொடுத்துப் பார்த்தோம். காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறும் அமைப்பில், கடைசிப் பகுதி மற்றவற்றைவிடச் சீக்கிரமே கொதிக்கத் தொடங்கியது. முதல் மூன்று பகுதிகளும் சூடாக்கிய காற்றுதானே அதற்குப் போய்ச் சேருகிறது! கானாடுகாத்தானிலிருந்து வரும் எங்கள் அணித் தோழி, "எங்கள் செட்டிநாட்டு வீட்டில் கட்டுக்கு ஒரு முற்றம் இருக்கிறது, ஒவ்வொரு கட்டுக்கும் காற்று தனியாக வருகிறது, இதற்கும் அப்படிச் செய்தால் என்ன?" என்றாள். அவள் சொன்னபடியே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் காற்று வழி அமைத்தோம். இப்போது நான்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கின்றன. விசிறியின் சத்தம் கூடியிருக்கிறது, அது பரவாயில்லை.

அடுத்தது மழைச் சோதனை. போட்டியில் 120 விநாடிகள் தண்ணீர் தெளிப்பார்கள், பிறகு 120 விநாடிகள் காத்திருப்பார்கள். அதுவரை, மின்சாரம் காரின் உடலுக்குக் கசிகிறதா என்று பார்க்கும் மின்காப்புக் கண்காணிப்புக் கருவி வாய் திறக்கக் கூடாது. வோல்ட்டுக்கு 500 ஓம் என்ற கணக்கில், எங்கள் காருக்கு மின்காப்புத் தடை 235 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால் மின்சாரம் துண்டிக்கப்படும். வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கழுவி எடுத்து வந்து தெளித்தோம். இரண்டாவது நிமிடத்தில் கார் அணைந்தது. பெட்டிக்கு வெளியே கேபிளில் மின்சாரம் முழுவதும் வடிந்ததை மீட்டரில் உறுதி செய்துகொண்டு, ரப்பர் கையுறையோடு பெட்டியைத் திறந்தோம். ஆரஞ்சு நிறக் கேபிள் உள்ளே நுழையும் இடத்தில், ரப்பர் வளையத்தின் கீழ் விளிம்பில், கடுகளவு ஒரு நீர்த்துளி. மேலிருந்து இறங்கிய கேபிளின் முதுகு வழியாகவே அது வந்திருக்கிறது. இப்போது கேபிளைத் தாழ வளைத்து, கீழிருந்து மேலேறி நுழையும்படி மாற்றிவிட்டோம்; தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு கருவி அமைதியாக இருக்கிறது.

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கும் ஊர் இது. அதற்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அந்த வளாகத்தைத் தாண்டித்தான் தினமும் பட்டறைக்குப் போகிறேன். இந்த மண்ணிலிருந்து ஒரு மின்சாரக் கார் போட்டிக் களத்தில் இறங்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அடுத்த வாரம் பிரேக் வேலை. போட்டியின் பிரேக் சோதனையில், வேகமெடுத்த பிறகு ஓட்டுநர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மிதிக்க வேண்டும்; நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். பெடல் பெட்டியை லேத் பட்டறை அண்ணன் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.