ஒரே பேண்ட்

எஃப்ஜிஎஃப்-7 என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தும் செல்கள் பெருகவில்லை. நான் ஆய்வகத்தில் சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. எலியின் புராஸ்டேட் சுரப்பியின் உட்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியல் செல்கள். இந்தக் காரணிக்கு நன்றாக வளரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காரணி கெட்டுவிட்டதோ என்று புதுக் குப்பி திறந்தேன், பலனில்லை. சரி, காரணியைப் பிடிக்கும் ஏற்பி செல்லில் இருக்கிறதா பார்ப்போம் என்று, ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் பிரதியெடுத்துப் பெருக்கும் ஆர்டி-பிசிஆர் போட்டேன். அந்த ஏற்பியான எஃப்ஜிஎஃப்ஆர்2-க்கு, டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பளிச்சென்று ஒரு பேண்ட், அதாவது பட்டை. ஏற்பியும் இருக்கிறது, காரணியும் இருக்கிறது, பிறகென்ன? மூன்று வாரம் இப்படியே போனது.

பக்கத்து மேசை அக்கா ஜெல் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பேண்ட் வந்தது சரி, வெட்டிப் பார்த்தியா?”

எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவில் அடுத்தடுத்து இரண்டு எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள், இருக்கின்றன. ஒன்று 148 எழுத்து, மற்றது 145. ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசிங் நடக்கும்போது ஏதாவது ஒன்றுதான் ஆர்என்ஏவில் தங்கும். எபிதீலியல் செல் முதலாவதை வைத்துக்கொள்ளும். அதுதான் IIIபி வடிவம். அதற்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவான மீசன்கைமின் செல் மற்றதை, அதாவது IIIசி-யை வைத்துக்கொள்ளும். செல்லுக்கு வெளியே ஏற்பி எந்தக் காரணியைப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதி இந்தத் துண்டில்தான் இருக்கிறது. எஃப்ஜிஎஃப்-7, 10 இரண்டும் IIIபி-யைத்தான் பற்றும். அவற்றைச் சுரப்பதோ மீசன்கைம். தான் அனுப்பும் சேதி தனக்கே கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும்படியான ஏற்பாடு! இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. எஃப்ஜிஎஃப்-10 இல்லாத எலிக்குட்டிக்கு நுரையீரலும் கால்களும் உருவாவதே இல்லை.

மூன்று எழுத்து வித்தியாசம் அகரோஸ் ஜெல்லில் தெரியாது. ஆனால் டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் வெட்டும் ஏவா-1 நொதி IIIபி-யை மட்டும் வெட்டும். அன்று மாலையே போட்டேன். என் பேண்ட் வெட்டுப்படாமல் முழுசாக நின்றது. என் செல்களில் இருந்தது IIIசி.

அந்தச் செல்களை யாரோ அளவுக்கு மீறிப் பாசேஜ் செய்திருந்தார்கள், அதாவது தட்டு மாற்றி மாற்றி வளர்த்திருந்தார்கள். அவை நீண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கிடந்ததை மைக்ரோஸ்கோப்பில் தினமும் பார்த்தேன். அதற்கு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. எலி புராஸ்டேட் கட்டி முற்றும்போது IIIபி போய் IIIசி வருவது 1993-லேயே பதிவான விஷயம். ஸ்ப்ளைசிங்கில் IIIபி-யைத் தக்கவைக்கும் இஎஸ்ஆர்பி என்ற புரதங்களை 2009-இல் கண்டுபிடித்தார்கள். எபிதீலியத் தன்மை போகும்போது அவையும் குறைந்துவிடுகின்றன.

அப்புறம் நைட்ரஜன் தொட்டியிலிருந்து பழைய, குறைந்த பாசேஜ் குப்பி ஒன்றை எடுத்து உருக்கினேன். செல்கள் ஓடு பதித்தது போல நெருங்கி வளர்ந்தன. ஏவா-1 போட்டதும் பேண்ட் இரண்டாகப் பிரிந்து இறங்கியது. அதன் பிறகுதான் எஃப்ஜிஎஃப்-7 குப்பியைத் திறந்தேன்.