நாள்பட்ட இடுப்புவலி: பிசியோதெரபி யாருக்குக் கைகொடுக்கும்?

மார்ச் 3

மூன்று மாதம் தாண்டியும் தீராத வலிக்கான குறிப்புகள் இவை. சிறுநீர் அடைப்பு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல் என எது இருந்தாலும் மருத்துவர் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

எதுவும் இல்லையென்றால், இடுப்புவலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி படிவம். 10 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி, 50-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். தாம்பத்தியம் பற்றிய பகுதியைச் சிலர் நிரப்பாமல் விடுவார்கள். அதைப் பூஜ்யமாக எடுக்காமல் 45-ஆல் வகுக்க வேண்டும். 18 வாங்கியவருக்கு 36% அல்ல, 40%. தொடக்க எண் பிசகினால் பின்னால் வரும் ஒப்பீடும் பிசகும்.

மார்ச் 5

அடுத்தது ஸ்டார்ட் பேக், வலி தீராமல் நீடிக்கும் ஆபத்தைக் கணிக்கும் கேள்வித்தாள், 9 கேள்விகள். மொத்தம் 3 வரை என்றால் ஆபத்து குறைவு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கடைசி ஐந்தை மட்டும் தனியாகக் கூட்டுங்கள்: அசைந்தால் கெட்டுவிடுமோ என்ற பயம், கவலை, இனி குணமாகாது என்ற நினைப்பு, எதிலும் நாட்டமின்மை, வலியின் தொந்தரவு. அதில் 4 அல்லது 5 வந்தால் அதிக ஆபத்து. கடைசிக் கேள்வியில்தான் தவறு நடக்கும்: ஐந்து விடைகளில் மேல் இரண்டுக்கு மட்டுமே 1, 'மிதமான' தொந்தரவுக்கு 0.

அதிக ஆபத்து என்று வந்தவருக்குப் பயிற்சித் தாளை மட்டும் கொடுத்து அனுப்பினால் வேலைக்கு ஆகாது. பயத்தையும் பேசித் தீர்க்க வேண்டும்.

மார்ச் 6

எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு வரி: வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. படத்தை வைத்து மட்டும் கணிக்காதீர்கள்.

மார்ச் 11

வலி காலுக்கு இறங்குகிறதா? அது எதுவரை போகிறது என்று உடல் வரைபடத்தில் குறித்துவிட்டு, குப்புறப் படுக்க வைத்து, கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தச் சொல்லுங்கள், 10 முறை. இடுப்பு மெத்தையை விட்டு எழக்கூடாது, பிட்டத்தை இறுக்கக்கூடாது. கெண்டைக்காலில் இருந்த வலி பிட்டத்துக்கு ஏறி அங்கேயே நின்றால் நல்ல அறிகுறி, நடு இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும்கூட. அந்தக் கூடுதலைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்! வலி கீழே இறங்கினால்தான் நிறுத்த வேண்டும்.

மார்ச் 17

எப்படியும் தேறிவிடுவார் என்பது வேறு, இந்தப் பயிற்சியால்தான் தேறுவார் என்பது வேறு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் வருகிறார். அது தானாகவும் கொஞ்சம் இறங்கும். 40 வயதுக்குக் கீழ், நேராக நீட்டிய கால் 91 பாகைக்கு மேல் உயர்வது முதலிய நான்கில் மூன்று இருந்தால் இடுப்பை நிலைப்படுத்தும் பயிற்சி பலிக்கும் என்ற 2005-ஆம் ஆண்டு விதி, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் உருவானது. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அதை மட்டும் நம்புவது சரியில்லை.

மார்ச் 31

நான்காவது வாரம் மறுபடி ஆஸ்வெஸ்ட்ரி. 40 இருந்தது 28 ஆனால் 30 சதவீதக் குறைவு. அதை முன்னேற்றமாக எடுக்கலாம். 36 ஆனால் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். எண் நகரவில்லையென்றால் முதலில் வீட்டுப் பயிற்சிப் பதிவைப் பாருங்கள். செய்யாதவரைப் 'பலனில்லாதவர்' பட்டியலில் சேர்த்தால் அடுத்தவருக்கான கணிப்பும் கெடும். ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை என்றால், அதே பயிற்சியில் எண்ணிக்கையைக் கூட்டாமல் முறையையே மாற்றுங்கள்.