தொண்டியின் நீளம் 18 பைட்டா, 21 பைட்டா?

மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தமிழிலேயே டேட்டாபேஸில் ஏற்றினால், ஒரே ஊர்ப்பெயருக்கு மூன்று நீளம் உண்டு. பாம்பன் நமக்கு நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 7 குறியீடு. காலும் இரண்டு புள்ளிகளும் அங்கே தனிக் கணக்கு. அந்தக் குறியீடுகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 21.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் நீளம் பார்க்கும் 'லெங்த்' 21 என்று சொல்லும், 'சார்_லெங்த்' 7 என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அதே 'லெங்த்' 7 தரும். பைட் வேண்டுமானால் 'ஆக்டெட்_லெங்த்'. ஒன்றுக்கு எழுதிய குவெரியை மற்றதில் ஓட்டினால் எரர் எதுவும் வராது, எண் மட்டும் மாறிவிடும். அதனால்தான் இது பல நாள் கண்ணில் படாமல் கிடக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் 'லென்' கடைசி ஸ்பேஸ்களை எண்ணாது. மண்டபம் என்பதற்குப் பின்னால் இரண்டு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலும் 7தான். 'டேட்டாலெங்த்' போட்டுப் பாருங்கள்: குறியீட்டுக்கு 2 பைட் பிடிக்கும் என்வார்சாரில் 14 வர வேண்டிய இடத்தில் 18 வரும்.

உண்மையான தொல்லை தொண்டியில். 'தொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகப் பதிந்திருந்தால் 6 குறியீடு, 18 பைட். கொம்பு தனி, கால் தனி என்று பதிந்திருந்தால் 7, 21 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆரக்கிள் டேட்டாபேஸில் நீள அளவு பைட் கணக்கில் இருந்து, 20 என்று கொடுத்திருந்தால், முதல் தொண்டி உள்ளே போகும். இரண்டாவது, நீளம் மிஞ்சிவிட்டது என்ற 12899 எரரில் நிற்கும். இடம் தாராளமாக இருந்தால் இன்னும் மோசம்: இரண்டும் ஏறிவிடும், ஊர்வாரியாகத் தேடும்போது ஒரு பகுதி உறுப்பினர்கள் விடுபட்டுப்போவார்கள். பதியும்போதே, கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு 'நார்மலைஸ்' இருக்கிறது. பெயரும் அதன் நார்மலைஸ் வடிவமும் ஒத்துப்போகாத வரிகளை எடுத்தால் பழைய தப்புகள் வெளியே வந்துவிடும்.

கடலுக்குப் போக வேண்டாம் என்று எஸ்எம்எஸ் அனுப்பும் பட்டியலுக்குக் குறியீட்டுக் கணக்கே சரி. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறியீடு. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67தான்.

கட்டம் போட்ட படிவத்தில் அச்சிட எழுத்துக் கணக்கு வேண்டுமா? கால், கொம்பு, புள்ளி போன்றவற்றின் குறியீடுகளை, அதாவது தசம எண்ணில் 3006 முதல் 3021 வரையுள்ளவற்றையும் 3031ஐயும், ரெஜெக்ஸால் (வடிவம் பார்த்துத் தேடும் முறையால்) நீக்கிவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். தங்கச்சிமடம் 12லிருந்து 8 ஆகும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவை இரண்டாக எண்ணப்படும். அவற்றை முதலிலேயே ஏதாவது ஒற்றைக் குறியாக மாற்றிவிடுவது நல்லது.