சுற்றுப்படத்தில் வரையாத பாகங்கள்

கல்லூரிப் பாடத்தில், மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு ஸ்விட்ச், ஒரு டையோடு, ஒரு இண்டக்டர், ஒரு கெபாசிட்டர். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க ஸ்விட்ச் சுமார் 42 சதவீத நேரம் ஆனில் இருந்தால் போதும். இதையே, மிச்ச வோல்ட்டை வெப்பமாக்கிவிடும் 7805 ரெகுலேட்டர் சிப் வைத்துச் செய்தால் ஒரு ஆம்பியருக்கு 7 வாட் சூடாகப் போகும். பரீட்சைக்கு இவ்வளவு தெரிந்தால் சரி. எஸ்எம்பிஎஸ், அதாவது இப்படி ஸ்விட்சை வேகமாகத் தட்டி இயங்கும் பவர் சப்ளை, வடிவமைக்கும் வேலைக்கு வந்த பிறகு, அந்தப் படத்தில் யாரும் வரையாத பாகங்களோடுதான் என் பொழுது பெரும்பாலும் போகிறது.

உதாரணத்துக்கு ஒயர். டாட் போர்டில் போடும் பத்து சென்டிமீட்டர் ஜம்பர், ஏறத்தாழ 100 நானோஹென்றி இண்டக்டரும்கூட. ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் 5 ஆம்பியரை 20 நானோ நொடியில் நிறுத்தினால் அந்த ஒயரிலேயே 25 வோல்ட் எழும். சப்ளையே 12 வோல்ட்தான்! இன்புட் கெபாசிட்டரை ஸ்விட்சுக்கும் டையோடுக்கும் ஒட்டி வைத்து மின்னோட்டம் சுற்றும் வளையத்தைச் சுருக்கினால், ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல் அந்தத் துள்ளல் குறையும். ஸ்கோப் (ஆஸிலோஸ்கோப்) புரோபின் நீளமான கிரவுண்டு கிளிப்பும் இல்லாத துள்ளலைக் காட்டும் என்பது தனிக் கதை.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர்தான். பெயர்தான் டிரான்ஸ்ஃபார்மர், வேலை இண்டக்டருடையது. ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது ஆற்றலைச் சேர்த்து, ஆஃப் ஆனதும் அடுத்த பக்கம் கொட்டும். சேர்வது கம்பி சுற்றியிருக்கும் ஃபெரைட் கோரில் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கோரின் காந்தப் பாதை 7 செ.மீ., பெர்மியபிலிட்டி (காற்றைவிட எத்தனை மடங்கு எளிதாகக் காந்தப்புலத்தை விடும் என்ற எண்) 2000 என்றால், அது 0.035 மி.மீ. காற்றுக்குத்தான் சமம். கோரின் நடுவே நாம் விடும் இடைவெளியோ 0.3 மி.மீ. ஆக, ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு அந்த வெறும் இடைவெளியில் இருக்கிறது. இரண்டு ஈ-கோர் பாதிகளுக்கு நடுவே காகிதம் வைத்து இடைவெளி உண்டாக்கும்போது காந்தப்புலம் காகிதத்தை இரண்டு முறை கடக்கும், 0.3 வேண்டுமானால் 0.15 காகிதம்தான் வைக்க வேண்டும்.

மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் ரெசிஸ்டரில் புரோபை வைத்தால் மின்னோட்டம் நேர்கோடாக ஏறுவது தெரியும். லோடைக் கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் கோட்டின் நுனி மேல்நோக்கி வளையும். கோரால் இதற்குமேல் காந்தப்புலத்தைத் தாங்க முடியாத சாச்சுரேஷன் அதுதான். கோர் சூடாகச் சூடாக அந்த வளைவு இன்னும் குறைந்த மின்னோட்டத்திலேயே வந்துவிடும், ஏனென்றால் ஃபெரைட் தாங்கும் காந்த ஃப்ளக்ஸ் வெப்பத்தில் குறைகிறது. டேட்டாஷீட்டில் 25 டிகிரி எண்ணை விட்டுவிட்டு 100 டிகிரி எண்ணைப் பார்ப்பது அதன்பின் தானாகவே பழக்கமாகிவிடும்.

சுற்றும் வரிசையிலும் விஷயம் இருக்கிறது. பிரைமரியை இரண்டாகப் பிரித்து நடுவே செகண்டரியைச் சுற்றினால், அந்தப் பக்கம் போய்ச் சேராத லீக்கேஜ் இண்டக்டன்ஸ் குறையும், மாஸ்ஃபெட்டைக் கொல்லும் ஸ்பைக்கும் தணியும். ஆனால் சுற்றுகளுக்கு இடையே கெபாசிடன்ஸ் ஏறி, இஎம்ஐ (மின்காந்த இரைச்சல்) டெஸ்டில் அது கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்பதைக் கையால் சுற்றி, பிரித்து, திரும்பச் சுற்றித்தான் முடிவு செய்ய முடிகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு சிமுலேஷன் சாஃப்ட்வேருக்கு முன்னால் எனாமல் கம்பியும் மஞ்சள் டேப்பும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதோடு ஒரு சீரிஸ் பல்பும். 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி. முதல் பவர்-ஆனில் வரிசையாக ஒரு இழை பல்பு இருந்தால், ஷார்ட் ஏதும் இருந்தாலும் பல்பு பிரகாசமாக எரிவதோடு போகும். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

எல்லாம் கையால் வந்துவிடும் என்று சொல்லவில்லை. மின்னழுத்தத்தை ஏற்றும் பூஸ்ட் கன்வர்ட்டரில் லோடு திடீரென்று ஏறினால், கன்ட்ரோலர் டூட்டி சைக்கிளை, அதாவது ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரப் பங்கை, கூட்டும். அவுட்புட் ஏறுவதற்குப் பதில் முதலில் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரம் கூடும்போது அவுட்புட்டுக்குப் போகும் நேரம் குறைகிறதே, அதனால்தான். ஸ்கோப்பை எவ்வளவு நேரம் முறைத்தாலும் கன்ட்ரோல் லூப்பை எவ்வளவு மெதுவாக வைக்க வேண்டும் என்று அது சொல்லாது. அதற்கு 1976-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிடில்புரூக்கும் சூக்கும் வெளியிட்ட, ஆன்-ஆஃப் நிலைகளைச் சராசரி எடுத்து ஒரே சமன்பாடாக்கும் ஸ்டேட்-ஸ்பேஸ் ஆவரேஜிங் கணக்குக்குத்தான் போக வேண்டியிருந்தது. படிக்கும் காலத்தில் சாய்ஸில் விட்ட பாடம். இப்போது அந்தப் பக்கங்களில் சால்டரிங் ஃப்ளக்ஸ் கறை.