நாற்பதைத் தாண்டியவருக்கு எந்த வகுப்பு?

"ஏங்க்கா, இந்த வயசுல என்னையெல்லாம் காலேஜ்ல சேத்துக்குவாங்களா?"

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தங்கை இன்று காலை கேட்டாள். டிசைன் இப்போது கம்ப்யூட்டரில் வருகிறதாம். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

பேசும்போதும் கை நிற்கவில்லை. கண்ணுக்கு எட்டாத கண்ணிகளை விரல் நுனியாலேயே எண்ணிக் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களின் அறிவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் தந்ததில்லை.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியாவுக்கு 28.4. பெருமைதான். ஆனால் அந்தக் கணக்கு, கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் போடுவது. இவள் அதில் எங்கே வருவாள்?

தொழில் நடுவயதில் மாறுகிறது. படிப்பு மட்டும் இளவயதோடு முடிந்துவிடுகிறது.

1997-இல் தொடங்கிய நம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களின் கல்லூரிகள் இருக்கின்றன. வெள்ளி, ஜவ்வரிசி, தறி, எஃகு என எல்லாத் தொழிலும் இந்த மண்ணிலேயே உண்டு. பட்டறை மூடிய பிறகு மாலை வகுப்பு நடத்தலாம். படித்த பாடங்களுக்கான கிரெடிட்டைச் சேமித்து வைக்கும் கல்வி மதிப்பெண் வங்கி (Academic Bank of Credits) 2021-லேயே வந்துவிட்டது, சேர்த்துச் சேர்த்துப் படிக்கலாம். கைத்தொழில் அனுபவத்துக்கும் அதில் உரிய இடம் வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் அடுத்த இருபது ஆண்டுக்குத் திட்டம் போடும் கூட்டத்தில், துணைவேந்தருக்குப் பக்கத்தில் இவளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.