பப் கச்சேரி: முதலில் டிரம்ஸை அடக்குங்கள்

சென்னையில் பப் என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஹோட்டலுக்குள்தான். மது உரிமம் தரும் முறை அப்படி. அதனால் சாமான்கள் முன்வாசல் வழியாகப் போகாது, சர்வீஸ் லிஃப்ட்தான். கீபோர்டு பெட்டி அதில் நுழையுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மேல்மாடி ரூமில் தூங்குகிறவர் இன்னொரு தலைவலி. அவருக்குப் பாட்டு கேட்காது. சுவரைத் தாண்டிப் போவது பேஸும், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும்தான். அவர் ரிசப்ஷனுக்கு ஒரு போன் போட்டால் போதும், மேனேஜர் மேடையோரம் வந்து நிற்பார்.

சின்ன அறையில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம். டிரம்ஸ் சத்தத்தை மீறிக் குரல் கேட்க மானிட்டரை, அதாவது பாடுபவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரை, ஏற்றுவார்கள், உடனே ‘கீ’யென்று ஃபீட்பேக். குச்சிக்குப் பதில் பிரஷ், இல்லையென்றால் உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டியான கஹோன். கிட்டார் ஆம்ப் தரையில் இருந்தால் சத்தம் வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டிக் கூட்டத்துக்குப் போய்விடும். தனக்குக் கேட்கவில்லையென்று அவர் இன்னும் ஏற்றுவார். ஆம்பைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்க்க வையுங்கள்.

மேடைகளில் பரவலாகப் பார்க்கும் எஸ்எம்58 மாதிரி, முன்பக்கச் சத்தத்தை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். மானிட்டர் அங்கே இருக்கட்டும். முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு என்றால் பின்னால் சற்றே கேட்கும், ஆகவே கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஸ்டைலாக மைக் தலையைப் பொத்திப் பிடித்துப் பாடினால் இந்தக் கணக்கெல்லாம் அம்பேல்!

‘12 சேனல் மிக்ஸர் இருக்கு’ என்பார்கள். மைக் கேபிள் சொருகும் இடம் பல சமயம் அதில் நாலோ ஆறோதான்; மீதி கீபோர்டு, லேப்டாப் மாதிரி சாமான்களைச் சொருகும் ஸ்டீரியோ லைன். குரல் 2, அக்கூஸ்டிக் கிட்டார் 1, பேஸ் 1, கஹோன் 1 என்று ஐந்து அங்கேயே போய்விடும். கீபோர்டை லைனில் போடுங்கள். எது எதில் என்ற பட்டியலை இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வாக்குவாதம் மிச்சம்.

‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு டிஐ பாக்ஸில் (கிட்டார், கீபோர்டை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைத் தட்டுங்கள். லைட் டிம்மரும் சவுண்டும் ஒரே கரண்ட் லைனில் இருந்தாலும் இதே கதைதான். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

காலி அறையில் செய்யும் சவுண்ட் செக்கை முழுசாக நம்ப முடியாது. கூட்டம் உட்கார்ந்ததும் மேல்ஸ்தாயி மங்கும், பேச்சுச் சத்தமும் சேரும். குரலின் வால்யூமை இன்னும் கூட்ட இடம் விட்டு வையுங்கள்.

மொட்டைமாடி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. 8 மணிக்கு ஆரம்பித்தால் 45 நிமிட செட் இரண்டு, நடுவே கால் மணி இடைவெளி, 9.45-க்கு முடிந்துவிடும். கூட்டம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டால் அந்தக் கடைசிக் கால் மணி உங்களுடையது.